கரடிக்கு யார் பிணை?

கிளிநொச்சியிலே கரடிப்போக்குச் சந்தி என்றோர் இடம் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்திலே கரடியனாறு உண்டு. மன்னார் மாவட்டத்தின் தெற்கிலே கரடிக்குளி உண்டு. இப் பெயர்களைச் சூட்டியவர் கச்சேரி உத்தியோகத்தர் அல்லர். காடு வெட்டிக் கழனி கண்ட நம் முன்னோர். அவர்கள் கரடியை அறிந்திருந்தனர். அதன் பெயரை நிலத்தின்மேல் எழுதிவைப்பதற்கு அவர்கள் அஞ்சவுமில்லை, நாணவுமில்லை. போக்கு என்பது வழி. பத்து வருட காலம் இடையூறின்றி அனுபவித்ததற்கு உரிமை உண்டு என்று 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் கூறுகின்றது. கரடிக்கு மாத்திரம் வழக்காடும் தகைமை இருந்திருக்குமாயின், கண்டி வீதியின் அச் சந்தியைக் குறித்து அது நல்லதொரு வழக்கைத் தொடுத்திருக்கும். அதன் சார்பிலே தோன்றி வாதாட நானே முன்வந்திருப்பேன்.

சிரிப்பூட்டுவதற்காக இதனைக் கூறவில்லை. மனிதன் வாழும் இடத்துக்குள் காட்டுமிருகம் வந்துவிட்டால் அதன் சுமை எவர் தலையில் விழவேண்டும் என்னும் கேள்விக்கு நமது சட்டங்கள் விடை கூறவில்லை. விடை கூறப்படாத இடத்திலே சுமை எங்கே போய் விழும்? எப்பொழுதும் விழுகின்ற இடத்திலேயே விழும். ஊரின் ஓரத்திலே, வீதிவிளக்கு எட்டாத கடைசி வீட்டிலே, விடியுமுன் வேலைக்குப் புறப்படும் ஏழையின் தலையிலே விழும்.

இலங்கையின் கரடி பெரும்பாலும் காட்டைவிட்டு வெளியேறுவதில்லை. வில்பத்து, யால, வன்னியிலே மீந்துள்ள காடுகள் முதலிய உலர்வலயப் பிரதேசங்களிலேயே அது ஒதுங்கி வாழ்கின்றது. எஞ்சியுள்ளவை ஆயிரத்துக்கும் குறைவு என்பது ஆய்வாளர் மதிப்பு. கறையானும் எறும்பும் தேனும் பழமுமே அதன் உணவு. பாலைப்பழம் பழுக்கும் காலத்திலே மனிதனும் கரடியும் ஒரே மரத்தடியை நாடிச் செல்வதுண்டு. விபத்து நேருவது அங்கேதான். அதற்குப் பார்வை மந்தம். மோப்பமே அதன் கண். மிக அண்மையிலே திடீரென மனிதனை எதிர்ப்பட்டால் அஞ்சிப் பாயும். பாய்ந்தால் முகத்தையும் தலையையுமே பற்றும். வன்னியின் பழங்குடிகளிடையே கண்ணிழந்தும் தாடை சிதைந்தும் வாழ்ந்த முதியோரைக் கண்டவர்கள் இப் பத்திரிகையின் வாசகரிலே பலர் இருப்பர். எனினும் அது மனிதன் காட்டுக்குள் சென்றபோது நேர்ந்தது. கரடி கடைவீதிக்கு வந்து கதவை உடைப்பதைக் காணவேண்டுமாயின், பாக்குநீரிணையைக் கடந்து நீலகிரிக்குச் செல்லவேண்டும்.

அங்கே, கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளிலே, நம் நாட்டுக் கரடியின் உடன்பிறப்பாகிய அதே இனம் ஊருக்குள் நடமாடுவது இன்று புதினமே அன்று. கோயிற் கதவைப் பெயர்த்து, விளக்குகளில் வார்த்த எண்ணெயையும் நெய்யையும் குடித்துவிட்டுச் செல்கின்றது. பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்துள் புகுகின்றது. அரசாங்கத்தின் நியாயவிலைக் கடையிலே சீனியையும் எண்ணெயையும் தேடுகின்றது. வீட்டுமுற்றத்துப் பலாவும் பேரியும் பழுத்துவிட்டால் அதற்கு அழைப்பிதழ் தேவையில்லை. இவ்வளவும் இரவிலே நடப்பவை. ஆனால் கரடி விடியுமுன் காட்டுக்குத் திரும்பிவிடுவதில்லை. தேயிலைச் செடிகளின் கீழேயே படுத்துக்கொள்கின்றது. அச் செடிகளின்மேல் கை நீட்டிக் கொழுந்தெடுக்க விடிந்ததும் ஒரு பெண் வருகின்றாள்.

அந்தப் பெண் யார்?

இதைக் கூறுவதற்குச் சிறிது பழங்கதை பேசவேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்நாட்டின் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு அவர்களின் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பிரிக்கப்பட்டனர். மிகுதி 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படுமென ஒத்திவைக்கப்பட்டது. மந்தையைப் பங்கிடுவோரும் மாட்டின் முகத்தைப் பார்ப்பர். அன்று பங்கிட்டவர்கள் அதுவும் பார்த்தாரில்லை. இவ்வாறு கப்பலேறியவர்களிற் பல்லாயிரவர் நீலகிரிக்குப் போய்ச்சேர்ந்தனர். அவர்களைக் குடியமர்த்துவதற்கென்றே தமிழ்நாடு அரசாங்கம் 1968 இல் ஒரு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கி, 1976 இல் அதனைத் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக்கியது. டான்டீ என்று அங்கே வழங்குவது அதுவே. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், வால்பாறை எங்கும் அதன் தோட்டங்கள் பரந்தன.

நிலம் எங்கிருந்து வந்தது? வனத்துறையின் நிலம், காடு. அதாவது, இங்கே மலையைத் தேயிலையாக்கிய கைகளையே அழைத்துச் சென்று, அங்கேயும் காட்டைத் தேயிலையாக்கும் வேலையில் அமர்த்தினர். நீலகிரியைப் பொறுத்தவரை அது புதிய காரியமும் அன்று. 1819 இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சலிவன் கோத்தகிரிக்கு அண்மையிலே தம் வீட்டைக் கட்டிய நாள்தொட்டு, சோலையும் புல்வெளியுமாயிருந்த அம் மலை தேயிலை, கோப்பி, யூக்கலிப்டசு எனத் துண்டுதுண்டாய்ப் பிரிந்தது. ஆகவே, ‘கரடி ஊருக்குள் வந்துவிட்டது’ என்று எழுதும் பத்திரிகைகள், ஊர் கரடிக்குள் போய் இருநூறு ஆண்டுகளாகின்றன என்பதையும் எழுதவேண்டும். எழுதிவிட்டு, அப்படிப் போனவர்களுள் துரைமார் யார், ஆணையிட்ட அரசாங்கங்கள் எவை, வேறு போக்கிடமின்றிப் போனவர் யார் என்பதையும் பிரித்து எழுதவேண்டும்.

கமக்காரருக்கு விளங்கும் ஒரு காரணமும் இதில் உண்டு. நீலகிரியிலே சிறு தேயிலைத் தோட்டக்காரர் பல்லாயிரவர் உளர். பச்சைக் கொழுந்துக்குக் கிடைக்கும் விலை, பறிகூலிக்கும் உரத்துக்கும் போதாமற் போன ஆண்டுகள் பல. விலை விழுந்தால் கவ்வாத்து நிற்கும். கவ்வாத்து நின்றால் தேயிலைச் செடி மரமாகும். அதன் கீழே உண்ணிச்செடி மண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அது ஒரு கரடிக்குப் பகற்பொழுதுக்கு ஏற்ற நல்ல மறைவிடம். நெல்விலை விழுந்தபோது தரிசாய்க் கிடந்த வயலிலே பன்றி குடிபுகுந்ததை வன்னியிலே நாம் காணவில்லையா? சந்தை வீழ்ச்சியின் கணக்கு இறுதியிலே மிருகத்தின் நகத்தால் எழுதப்படுகின்றது. இதற்குமேல், உல்லாசப் பயணிகளின் விடுதிகளும் நகரக் கடைகளும் திறந்த வெளியிற் கொட்டும் கழிவு வேறு. கறையான் புற்றைத் தோண்டிப் பிழைக்கவேண்டிய கரடிக்கு வெண்ணெய்ப்பணியாரம் வீதியோரத்திலே கிடைக்குமாயின் அது புற்றைத் தோண்டுமா?

இனி, அதிகாரிகள் கூறுவதைக் கேளுங்கள். சகவாழ்வு என்கின்றனர். மனிதனும் விலங்கும் ஒருங்கே வாழப் பழகவேண்டும் என்கின்றனர். அழகிய சொல். அதன் பொருள் யாதெனில்: தனியே நடவாதே, அதிகாலையிலும் அந்தியிலும் புதர்ப்பக்கம் போகாதே, சத்தமிட்டுக்கொண்டு நட, கையிலே விளக்கு வைத்துக்கொள். ஒவ்வொன்றும் நல்ல புத்திமதியே. மறுக்கவில்லை. ஆனால் காலையிலே பிரட்டுக்களத்துக்கு நேரத்தோடு போகாதவளுக்கு அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையேல் கூலி இல்லை. கழிப்பறை லயத்துக்கு வெளியே இருட்டிலே இருக்கின்றது. பிள்ளையின் பள்ளிக்கூடப் பாதை செடிகளுக்கூடாகவே செல்கின்றது. அதிகாலையிலே போகாதே என்று ஒரு திணைக்களமும் அதிகாலையிலே வா என்று ஒரு கழகமும் கூறுகின்றன. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் இரு கைகள். சகவாழ்வு என்றால் இருவர் பங்கு கொள்ளவேண்டும். இங்கே கரடி தன் பங்குக்கு வருகின்றது. தொழிலாளி தன் பங்கைச் செலுத்துகின்றாள். சகவாழ்வைப் போதிக்கும் அரசாங்கத்தின் பங்கு மாத்திரம் எங்கே என்று தேடவேண்டியிருக்கின்றது.

சட்டத்தைப் புரட்டிப் பார்ப்போம். இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இக் கரடியை முதலாம் அட்டவணையிலே, புலியோடும் யானையோடும் சேர்த்து வைத்திருக்கின்றது. 11 ஆம் பிரிவின்படி, மனித உயிருக்கு ஆபத்தானதெனத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் திருப்திப்பட்டு, காரணங்காட்டி எழுத்தில் ஆணையிட்டாலன்றி அதனைக் கொல்லலாகாது. அவரும், பிடித்தோ மயக்கியோ வேறிடம் மாற்றவோ இயலாதென்று கண்டபின்னரே அவ்வாறு ஆணையிடலாம். மிக நல்ல பிரிவு. அதன் இரண்டாம் உபபிரிவு, தன்னுயிரையோ பிறருயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் அது குற்றமாகாது என்கின்றது. அதுவும் நன்று. மூன்றாம் உபபிரிவுக்கு வாருங்கள்: அவ்வாறு கொல்லப்பட்ட விலங்கு அரசாங்கத்தின் சொத்து! 39 ஆம் பிரிவும், இறந்து கிடந்த விலங்கையும் வேட்டையாடப்பட்ட விலங்கையும் கூண்டிலே வைக்கப்பட்ட விலங்கையும் அரசாங்கச் சொத்தென்றே கூறுகின்றது. உயிரோடு உலவும் கரடியைப்பற்றி அப் பிரிவுகள் அவ்விதம் கூறவில்லை. ஆக, கரடி உங்கள் கூரையைப் பிரிக்கும்போது அதற்கு உடையவன் இல்லை. நீங்கள் அதனைக் கொன்று உயிர் பிழைத்தால், மறுகணமே உடையவன் தோன்றி உடலைக் கேட்கின்றான்.

நமது உரோமன்-டச்சுச் சட்டத்தின் நிலையும் இதனின் மேம்பட்டதன்று. அயலவனின் மாடு தன் சாதுவான இயல்புக்கு மாறாக உங்களை முட்டினால், அவனிடம் தவறில்லாதபோதும் அவன் பொறுப்பாளி என்பது பழைய விதி. காட்டுமிருகமோ பிடிபடும்வரை எவருக்கும் உரியதன்று என்பதும் பழைய விதி. இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தால், காட்டுமிருகத்தால் ஊனமுற்றவனுக்கு வழக்கு இருக்கின்றது, எதிராளி இல்லை. கொடுக்கப்படும் பணம் கருணைத்தொகை என்றே கொடுக்கப்படும். கருணை என்பது கொடுப்பவனின் குணத்தைப் பொறுத்தது. உரிமை என்பது கேட்பவனின் நிலையைப் பொறுத்தது. இவ்வேறுபாட்டை நான் தமிழ் வாசகருக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை.

என் வாதம் சுருக்கமானது. தன் வேலிக்குள் வந்த மிருகத்தைத் தானே தொலைத்துவிடும் உரிமை ஆதியிலே குடியானவனுக்கு இருந்தது. அரசாங்கம் அவ்வுரிமையை எடுத்துக்கொண்டது. பொதுநலனுக்காக எடுத்துக்கொண்டது, எடுத்தது சரி. காணியைப் பொதுநலனுக்காக எடுத்தால் நட்டஈடு கொடுக்கின்றதல்லவா? தற்காப்பின் ஒரு பகுதியைப் பொதுநலனுக்காக எடுத்தபோது மாத்திரம் ஏன் வெறுங்கையோடு நிற்கின்றது? கொல்லாதே என்று தடுத்தவனே கரடிக்குப் பிணை. பிணை நின்றவன், பிணைப்பட்டவன் செய்த சேதத்துக்குப் பொறுப்பு.

இதைக் கேட்டதும் சிலர், பிணையும் வேண்டாம் பிரிவும் வேண்டாம், துவக்கைக் கொடுங்கள் என்பர். அவர்களோடு நான் உடன்படேன். ஒரு கரடியைச் சுட்டால் அதன் இடத்துக்கு மற்றொன்று வரும். எண்ணெயின் வாசனையும் குப்பையின் வாசனையும் அங்கேயே இருக்கின்றன. பிடித்துக் கூண்டிலேற்றி முதுமலைக் காட்டிலே விடுவதும் அத்தகையதே. ஊரிலே உணவு கிடைக்குமட்டும் ஊருக்குக் கரடி கிடைக்கும்.

கனடாவின் மனிற்றோபா மாகாணத்திலே, ஹட்சன் விரிகுடாக் கரையில், ஏறத்தாழத் தொள்ளாயிரம் பேர் வாழும் சேர்ச்சில் என்னும் சிற்றூர் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலே, கடல் உறைவதை எதிர்நோக்கிப் பனிக்கரடிகள் அவ்வூரின் ஓரத்திலே வந்து கூடுகின்றன. பனிக்கரடி நம் கரடியைப்போன்று கறையான் தின்பதன்று, ஊன் தின்பது. 1983 இல் அங்கே ஒருவர் கொல்லப்பட்டார். எரிந்துபோன விடுதியொன்றின் குளிர்பெட்டியிலிருந்து இறைச்சி எடுத்துக்கொண்டு வந்தபோது கரடி எதிர்ப்பட்டது. அதற்குப்பின் அவ்வூரிலே கரடியால் எவரும் இறந்ததில்லை. காரணம் என்ன? மாகாண அரசாங்கத்தின் உத்தியோகத்தர் பருவம் முழுவதும் ரோந்து சுற்றுகின்றனர். இரவிலும் பகலிலும் எடுத்துப் பேசத் தொலைபேசி இலக்கம் ஒன்று உண்டு. ஊருக்குள் வந்த கரடியைப் பழைய இராணுவக் கட்டடம் ஒன்றிலே அடைத்துவைத்து, கடல் உறைந்ததும் விடுகின்றனர். கரடிகளுக்குச் சத்திரம்போல் விளங்கிய திறந்த குப்பைமேட்டை இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே மூடிவிட்டனர். கரடிகளுக்குப் புத்தி கூறி இவற்றைச் சாதிக்கவில்லை. குடிகளுக்குப் புத்தி கூறியதோடும் நின்றுவிடவில்லை. அரசாங்கம் பணம் செலவிட்டது. பிணை நிற்பது என்றால் இதுதான்.

பிணை நிற்பவன் இல்லாத இடத்திலே என்ன நடக்கும் என்பதற்குத் தூரதேசம் போகவேண்டியதில்லை. 2018 ஜூன் மாதத்திலே கிளிநொச்சி அம்பாள்குளத்துக்குள் ஒரு சிறுத்தை வந்தது, பலரைக் காயப்படுத்தியது, ஊரார் திரண்டு அடித்துக் கொன்றனர். கொன்றபின் அதனோடு படம் பிடித்துக்கொண்டது இழிவான செயல். அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆயினும் சட்டம் அவ்வூருக்கு முழு வேகத்தோடு வந்தது சிறுத்தை இறந்த பின்னர், கைது செய்வதற்கு. மிருகம் உயிரோடு ஊருக்குள் நின்ற மணித்தியாலங்களிலே அதே வேகம் காணப்பட்டிருந்தால் சிறுத்தையும் பிழைத்திருக்கும், குற்றவாளிகளும் உருவாகியிருக்கமாட்டார்கள்.

திறைசேரியின் பக்கமிருந்து ஓர் ஆட்சேபனை வரும் என்பதை அறிவேன். நட்டஈட்டை உரிமையாக்கினால் பொய்க்கோரிக்கைகள் பெருகும் என்பர். 1934 ஆம் ஆண்டிலே தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வந்தபோதும் முதலாளிகள் பக்கத்தில் இத்தகைய அச்சங்கள் எழாமல் இருந்திருக்கமாட்டா. முதலாளியின் தவறு நிரூபிக்கப்படாமலே, வேலையிலே கையிழந்தவனுக்கு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்பது அச் சட்டம். அதனால் எந்த முதலாளியும் பிச்சையெடுக்கவில்லை. மோட்டார் வண்டிக்குக் காப்புறுதியைக் கட்டாயமாக்கினோம். வண்டிகள் ஓடுவதை நிறுத்திவிடவில்லை. ஒரு பயனைச் சமுதாயம் முழுவதும் விரும்பும்போது அதன் சேதத்தையும் சமுதாயம் முழுவதும் பகிரவேண்டும் என்பதுதான் இச் சட்டங்களின் உள்ளுறை. கரடி அழியலாகாது என்று சென்னையிலும் கொழும்பிலும் இருந்து விரும்புகின்றோம். விரும்புவோம். விலையை லயத்திலிருப்பவள்மட்டும் கொடுக்கவேண்டும் என்பது எந்த நீதி?

இன்னொன்றையும் எச்சரிக்கையாகக் கூறவேண்டும். 2022 இல் டான்டீயின் 2,152 ஹெக்டேர் தேயிலை நிலத்தை வனத்துறைக்குத் திருப்பி ஒப்படைக்குமாறு தமிழ்நாடு அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. கழகத்தின் நட்டமே முதன்மையான காரணம். தொழிலாளர் எதிர்த்துக் குரலெழுப்பினர். காடு மீள்வதை நான் எதிர்க்கவில்லை. கரடிக்குக் காடு கிடைப்பதே ஊருக்கு நிம்மதி. ஆனால் இலங்கையிலே நாடற்றவராக்கப்பட்டு, உடன்படிக்கையாற் கடல் கடத்தப்பட்டு, அங்கே காட்டை வெட்டிக் கொடுத்தவரின் பிள்ளைகளை, அக் காடு திரும்புகின்றது என்ற காரணத்தால் மூன்றாம் முறையும் இடம்பெயரச் செய்வதானால், முதலில் அவர்கள் கையிலே வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதிக் கொடுத்தபின் காட்டை நடுங்கள். கரடியின் பெயரால் ஏழையை எழுப்புவதைக் கரடி கேட்கவில்லை.

வாதம் போதும், வரைவுக்கு வருவோம். எமது 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்திலும், இந்தியாவின் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெறத்தக்க பிரிவொன்றைக் கீழே தருகின்றேன்.

‘இச் சட்டத்தினாற் காக்கப்பட்ட காட்டுமிருகம் ஒன்று, காப்புக்காட்டுக்கு வெளியே, ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ வீட்டுக்கோ பயிருக்கோ சேதம் விளைத்தவிடத்து, எவருடைய தவறும் நிரூபிக்கப்படாமலே, அரசு நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டதாகும். கோரிக்கை கிடைத்த அறுபது நாட்களுக்குள் கொடாதவிடத்து, கோருபவர் தாம் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றிலே, முத்திரைக் கட்டணமின்றி, அரசை எதிராளியாகப் பெயர்குறித்து வழக்குத் தொடரலாம்.’

வன்னியிலும் கிழக்கிலும் உள்ள கமக்காரர் அமைப்புகள் அடுத்த கூட்டத்திலே இதனை வாசித்து, குறை காணுமிடத்துத் திருத்தி, பிரேரணையாக நிறைவேற்றித் தத்தம் பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பிவைக்கலாம். அறுபது நாள் என்பது நீண்டதென்று எவரேனும் கருதினால் முப்பது என்று மாற்றிக்கொள்ள எனக்குத் தடையில்லை.